இடுப்பு எலும்பு முறிந்த பிறகு தோட்டத்துக்கு எப்போது இறங்கலாம்?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் எடுத்துவிட்டேன். வயது 67. பிரஷருக்கும் சுகருக்கும் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். மாசி மாதம் ஒரு நாள் விடியற்காலையில் புறவாசலில் துவைக்கிற கல் பக்கம் ஈரத்தில் கால் வழுக்கி, நின்ற வாக்கிலேயே பக்கவாட்டில் விழுந்திருக்கிறார். இடுப்பு மூட்டில், வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. பாதி மூட்டு மாற்று ஆபரேஷன் செய்து ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது பத்து வாரம் முடிந்திருக்கிறது. காயம் ஆறிவிட்டது, வலியும் குறைந்துவிட்டது, வாக்கர் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து பட்டாசலுக்கும் பாத்ரூமுக்கும் போய் வருகிறார். அதற்கு மேல் ஒரு அடி வைக்க வீட்டில் விடுவதில்லை.

வீட்டுக்குப் பின்னால் நல்ல தோட்டம். ஒரு மா, இரண்டு தென்னை, முருங்கை, எலுமிச்சை, சுவரோரம் பிச்சிக்கொடி, அதை ஒட்டி அவரைப் பந்தல். "பிச்சி மொட்டு விட்டு நிற்கிறது, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன், புறவாசல் பெருக்காமல் கிடப்பதைப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறார். சென்னையில் இருக்கும் மகன் புறவாசல் கதவுக்கு மேலே ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். படியில் கால் வைத்தால் போதும், போன் வந்துவிடுகிறதாம். அடுத்த வீட்டு மதினி, "எலும்பு கூடுற வரைக்கும் இறங்கிராதீங்க மதினி, பைய இருங்க" என்கிறார். கணவர் எதற்கும் டாக்டரைக் கேட்டுக்கொள்வோம் என்கிறார்.

அவர் கேட்பது நான்கு விஷயம். எலும்பு முழுசாகக் கூட எத்தனை மாதம் ஆகும், அதுவரை படுத்தேதான் இருக்க வேண்டுமா? தினமும் காலை ஆறரை மணி வெயிலில் வாசலில் உட்கார வைக்கிறார்களே, எலும்புக்கு அது போதுமா? ஆடிப்பட்டத்துக்கு அவரை ஊன்றி, முன்பு போலக் குத்தவைத்துக் களை பறிக்க முடியுமா? மகனிடம் என்ன சொல்வது?

டீச்சர், முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கிற நிலைமையில், ஆபரேஷன் செய்த டாக்டர் தனியாக வேறு தடை எதுவும் சொல்லியிருக்கவில்லை என்றால், தோட்டத்துக்கு இறங்க நீங்கள் இன்னும் சில மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. தரையைச் சரி செய்ய ஆகும் நாட்கள் மட்டும் பொறுத்தால் போதும்.

மதினி சொல்வது அக்கறையில் சொல்வதுதான், ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது. கையோ காலோ முறிந்து மாவுக்கட்டு போட்டால் எலும்பு கூடும்வரை பொறுக்க வேண்டும், சரி. உங்களுக்குச் செய்திருப்பது அது இல்லை. முறிந்த கழுத்தையும் அதன் மேலிருந்த பந்தையும் எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் உலோகத் தண்டு இறக்கி, மேலே செயற்கைப் பந்து பொருத்தியிருக்கிறார்கள். அங்கே கூட வேண்டிய எலும்பு என்று ஒன்று இல்லை. இந்த ஆபரேஷனைச் செய்வதே ஆளைச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கத்தான். பெரும்பாலும் அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ காலில் எடை போட்டு நிற்க வைத்துவிடுவார்கள். உங்களையும் ஆஸ்பத்திரியிலேயே நடக்க வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் படுக்க வைத்துவிட்டார்கள்.

படுக்கை பாதுகாப்பு என்று வீட்டில் நினைக்கிறார்கள். அறுபது தாண்டியவருக்குப் பத்து நாள் முழுப் படுக்கையே தொடைச் சதையைக் கண்கூடாகக் கரைத்துவிடும். சதை கரைந்தால் நிற்கும்போது ஆட்டம் வரும், ஆட்டம் வந்தால் பயம் வரும், பயத்தில் இன்னும் குறைவாக நடப்பீர்கள், அடுத்த முறை பாத்ரூம் வாசலில் விழுவீர்கள். நான் பார்க்கிற பலர் இந்த வழியாகத்தான் இரண்டாவது தடவை விழுந்து வருகிறார்கள். காலில் ரத்தம் உறைவது, மலச்சிக்கல், நெஞ்சில் சளி கட்டுவது எல்லாம் படுக்கையோடு சேர்ந்தே வருபவை. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கூச்சப்படாதீர்கள். எழுந்து பாத்ரூம் போவது கஷ்டம் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டீர்களா? உங்கள் நிலைமையில் இருக்கிற பெண்கள் பலர் இதைச் செய்கிறார்கள், யாரிடமும் சொல்வதில்லை. இந்த வெயிலில் அது ஆபத்து, பின்னால் வருகிறேன்.

முதலில் தரை

உங்களை விழ வைத்தது தோட்டம் இல்லை, துவைக்கிற கல்லைச் சுற்றியிருந்த ஈரம். அதனால் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கல்லைச் சுற்றி வழுவழுவென்று பச்சையாகப் பாசி படிந்திருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்து, கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் இறங்கினால் பத்தே நாளில் மறுபடி படியும், ஆகவே ஒரு தடவை செய்து விட்டுவிடக் கூடாது. துணி துவைக்கிற தண்ணீர் அங்கேயே தேங்காமல் அங்கணத்துக்கு ஓடுகிற மாதிரி வாட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் நடக்கிற பாதை அந்தக் கல் பக்கமே போகாதபடி வேறு பக்கமாக அமைந்தால் இன்னும் நல்லது.

புறவாசலில் இரண்டு படி இருக்கிறது, சரிவுப் பாதை போட்டுவிடலாமா என்று உங்கள் வீட்டு சார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் கணக்கு தெரிந்து போட வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது பாதுகாப்பான சரிவு. உங்கள் இரண்டு படியும் சேர்ந்து 14 அங்குலம் என்றால் 14 அடி நீளம் வேண்டும். இடம் இல்லையென்று கொத்தனார் நான்கு அடியில் முடித்துவிட்டால் அது படியைவிட மோசம், இறங்கும்போது வாக்கர் உங்களை இழுத்துக்கொண்டு போகும். இடம் இல்லாவிட்டால் படியை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஜி.ஐ. பைப்பில் கைப்பிடி போட்டு, ஒவ்வொரு படிக்கும் நடுவே ஒரு அரைப்படி கட்டுங்கள். வாக்கரின் நான்கு காலும் நிற்கிற அகலம் அதற்கு வேண்டும். மேலே பளபளவென்று சிமெண்ட் பால் பூசாமல் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள்.

படி ஏற இறங்க ஒரே ஒரு விதி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். உங்களுக்கு ஏற இடது, இறங்க வலது. முதல் இரண்டு வாரம் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், கையைப் பிடித்து இழுக்காமல், எப்போதும் உங்களுக்குக் கீழ்ப் படிப் பக்கமாக, அரை அடி தள்ளி.

மண்ணில் வாக்கரின் கால் புதையும். பந்தல் வரைக்கும் மூன்று அடி அகலத்தில் சொரசொரப்பான சிமெண்ட் பலகையோ கடப்பாக் கல்லோ ஆட்டம் இல்லாமல் பதித்துவிட்டால் போதும், தோட்டம் முழுவதும் தளம் போட வேண்டாம். கடப்பாக் கல் என்றால் பாலிஷ் போடாதது. வாக்கர் காலடியில் இருக்கிற ரப்பர் புஷ்களைத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், விலை அதிகமில்லை. வாக்கர் உயரம், கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு ரேகை மட்டத்துக்குக் கைப்பிடி வர வேண்டும். ஹவாய் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடித்துக்கொள்கிற வார் வைத்த செருப்பு போடுங்கள். வெறுங்காலும் வேண்டாம். சுகர் இருப்பவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், பகலில் சிமெண்ட் தரை கொதிக்கும்போது தோல் வெந்துபோனது கூடத் தெரியாமல் நின்றுகொண்டிருப்பார்கள்.

வாசல் நடையில் பத்தமடைப் பாய் விரித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைச் சுருட்டி வைத்துவிடுங்கள், பாய் விளிம்பில்தான் வாக்கர் மாட்டும். பாதைக்குக் குறுக்கே கிடக்கிற ஓஸ் பைப்பும் அப்படித்தான்.

வெயில், தண்ணீர், விட்டமின் டி

இப்போது கத்திரி வெயில். பாளையங்கோட்டையில் 100 டிகிரிக்கு மேல் போகிற நாட்கள் இவை. காலையில் ஆறு மணியிலிருந்து எட்டு வரை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வெளிச்சம் இருக்கிறவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம் போதும், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். இருட்டின பிறகு தோட்டம் வேண்டாம். பூச்சி பொட்டு நடமாடுகிற காலம், நீங்கள் சட்டென்று விலகி நிற்கிற நிலையில் இல்லை.

ஆறரை மணி வெயில் எலும்புக்குப் போதுமா என்று கேட்டீர்கள். இளவெயிலில் விட்டமின் டி கிடைக்கும் என்று நம் ஊரில் எல்லோருமே நம்புகிறோம், ஆனால் அந்த நேரத்து வெயிலில் அதற்குரிய கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரத்தில்தான் தோலில் விட்டமின் டி நன்றாக உற்பத்தியாகும். நம் பக்கம் இந்த மாதத்தில் அது காலை ஒன்பது மணிக்கு மேல். அதற்காகக் கத்திரியில் போய் நில்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தத்தில் விட்டமின் டி அளவு பார்த்து, குறைவாக இருந்தால் மாத்திரையாகவே எடுத்துக்கொள்வதுதான் உங்களுக்குச் சரி. ஒரு எச்சரிக்கை: 60,000 யூனிட் மாத்திரை வழக்கமாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொன்ன சில வாரங்களுக்கு மட்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டுக்கொண்டு ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆறரை மணி உட்காரலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரித் தூக்கம் ஒழுங்குக்கு வரும். தூக்கம் வரவில்லை என்றீர்களே, அதற்கு இதுவே மருந்து. வாசலுக்குப் பதில் புறவாசலில் உட்காருங்கள், அவ்வளவுதான்.

பிரஷர் மாத்திரையைப் பற்றி. சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரிய வைப்பவை. வெயிலில் வியர்வையும் போனால், உட்கார்ந்திருந்து எழும்போது பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றும், கண் இருட்டும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டுங்கள், எழுந்ததும் வாக்கரைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நடங்கள். அப்படியும் சுற்றினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் போங்கள்.

வயதானால் தாகம் குறைவாகத்தான் தெரியும், அதனால் தாகத்தை நம்பாமல் நேரம் வைத்துக் குடியுங்கள். தோட்டத்துக்கு இறங்குவதற்கு முன் ஒரு டம்ளர், வந்ததும் ஒரு டம்ளர். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு குறைத்துச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவே. ராத்திரி எழுந்து போவதுதான் பயம் என்றால், பகலில் நிறையக் குடித்துவிட்டு ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொள்ளுங்கள். நீர்மோர் நல்லது, உப்பு கொஞ்சமாக. நுங்கு சாப்பிடலாம். பதநீர்தான் யோசிக்க வேண்டும், அது முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர். உங்கள் சுகருக்கு அரை டம்ளர் என்றாவது ஒருநாள் என்பதற்கு மேல் போகக் கூடாது.

எதில் உட்காருவது, எங்கே உட்காருவது

மாமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படுகிறீர்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் வேண்டாம் என்கிறேன். கயிற்றுக் கட்டில் தாழ்வு, நடுவில் தொங்கும். அதில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும். பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால், அப்படி இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கும்போதுதான் செயற்கைப் பந்து இடுப்பெலும்புக் கிண்ணத்தை விட்டு நழுவும். பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம், மண்ணில் ஒரு கால் புதைந்தாலும் பின்கால் அகன்றாலும் ஆளோடு சாயும். கனமான, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த மர நாற்காலி, உட்காரும் பலகை தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம், உங்கள் முழங்கால் மட்டத்தைவிடக் கொஞ்சம் உயரமாக. அதைப் பதித்த கல்லின் மேல் போடுங்கள். கால் மேல் கால் போடாதீர்கள், உட்கார்ந்தபடி கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்காதீர்கள்.

நாற்காலி மாமரத்தடியில் இருக்கட்டும், தென்னைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மட்டையும் காயும் விழும்போது நீங்கள் ஓட முடியாது.

குத்தவைப்பதும் களை பறிப்பதும்

இதற்கு உங்கள் மனசு கஷ்டப்படுகிற பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு போலக் குத்தவைத்து உட்கார்ந்து களை பறிப்பது ஆடியில் இல்லை, அதற்குப் பிறகும் பெரும்பாலும் வேண்டாம். தரையில் சம்மணம் போடுவதும் அப்படித்தான். பக்கத்து ஊரில் ஒருவர் மூட்டு மாற்றிக்கொண்டு குத்தவைத்து உட்காருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குச் செய்த ஆபரேஷன் வேறாக இருக்கலாம், அல்லது இதுவரை தப்பியிருக்கலாம். அவரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் நீங்கள் மண்ணுக்குக் குனிய முடியாவிட்டால் மண்ணை உங்களிடம் உயர்த்திவிடலாம். 8 அங்குல உயர ஹாலோ பிளாக்கை மூன்று அடுக்கினால் இரண்டு அடி. அதன் மேல் ஒரு கல் பலகை, பலகை மேல் தொட்டி. நின்றால் கைக்கு வந்துவிடும், நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தாலும் வரும். சாந்து வைத்துப் பூசிவிடச் சொல்லுங்கள், சும்மா அடுக்கினால் நீங்கள் பிடித்து எழும்போது சரியும். தொட்டிக்குக் காருகுறிச்சி மண் தொட்டியே போதும், அகலமாக, ஆழம் குறைவாக வாங்குங்கள். செம்மண்ணோடு தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தால் எடை குறையும். சுமப்பதும் தூக்குவதும் வேறு யாராவது.

முதலில் சிறுகீரையோ அரைக்கீரையோ விதையுங்கள். நாலைந்து நாளில் முளை தெரியும், ஒரு மாதத்துக்குள் கிள்ளிச் சமைக்கலாம். படுக்கையிலிருந்து எழுந்த ஒருவருக்குச் சீக்கிரம் கைக்கு வருகிற பயிர் எவ்வளவு தெம்பு கொடுக்கும் என்று பார்த்திருக்கிறேன். தேங்காய் பத்தை அளவு மண்ணைக் கையில் எடுத்து விரலால் உதிர்த்து, விதையைத் தூவி, அதே விரலால் மூடுவது கைக்கு நல்ல வேலை, மனசுக்கும் நல்ல வேலை. முதல் நாள் ஐந்து நிமிஷம் அதைச் செய்தாலும் போதும்.

அவரை ஊன்றலாமா என்ற கேள்விக்குப் பதில்: ஊன்றலாம், தாராளமாக. ஆடி பிறக்கும்போது உங்களுக்கு இருபது வாரம் ஆகியிருக்கும். குழியை வேறொருவர் வெட்டட்டும். மூன்றடி நீளத்துக்கு ஒரு பி.வி.சி. பைப் துண்டை நின்றபடியே குழிக்குள் வைத்து, மேல் முனை வழியாக விதையைப் போட்டால் குழிக்குள் போய் விழும், குனியவே வேண்டாம். அப்புறம் பார்த்தால் உங்கள் நிலைமைக்குப் பந்தல் காய்தான் பொருத்தம். அவரை, புடலை, பீர்க்கு எல்லாம் காய்ப்பது உங்கள் தோளுக்கும் தலைக்கும் நேராகத்தான். ஒரு கை பந்தல் காலையோ வாக்கரையோ பிடித்திருக்க, மற்றக் கை பறிக்கட்டும். அண்ணாந்து ரொம்ப நேரம் பார்க்காதீர்கள், கழுத்தை மடக்கினால் சிலருக்குக் கிறுகிறுக்கும். முருங்கைக்குத் தொரட்டி போட்டு இழுப்பதைச் சாருக்கு விட்டுவிடுங்கள், கிளை ஒடிந்து வரும்போது இழுத்தவர் பின்னால் சாய்வார்.

தண்ணீர் ஊற்ற வாளி தூக்காதீர்கள். ஒரு லிட்டர் பாட்டில் போதும், அல்லது சொட்டுக் குழாய். வாக்கரின் முன் குறுக்குக் கம்பியில் நடுவாக ஒரு மஞ்சள் பை கட்டித் தொங்கவிட்டால் போன், தண்ணீர் பாட்டில், பறித்த பிச்சி மொட்டு எல்லாம் அதில் போடலாம். ஒரு பக்கமாகக் கட்டினால் வாக்கர் சாயும். வாரியல் குட்டை, குனிந்துதான் பெருக்க முடியும். நீளக் கம்பு போட்ட துடைப்பம் வாங்கி, ஒரு கையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைச் சுற்றி மட்டும் தள்ளுங்கள், மீதியை வேலைக்கு வருகிற அம்மா பார்த்துக்கொள்ளட்டும். இலை நாலு கிடந்தால் கிடக்கட்டும், டீச்சர்.

பிச்சி மொட்டைச் சாயங்காலம் நீங்களே பறியுங்கள். கொடி பக்கம் நின்று எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றி எட்டிப் பறிப்பது நான் க்ளினிக்கில் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியேதான். அதோடு இன்னும் மூன்று பயிற்சி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல், முடியாவிட்டால் ஊன்றி, எழுந்து உட்காருவது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வலது காலைப் பக்கவாட்டில் உயர்த்தி இறக்குவது. குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் எட்டு முறை, காலையும் மாலையும். இரண்டாவதை விடவே விடாதீர்கள். இடுப்பின் பக்கச் சதை பலமாகாவிட்டால் வாக்கரை விட்ட பிறகும் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பீர்கள். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும் நாளில் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். வலது கால் என்றால் வலது கை என்று பலரும் தவறாகப் பிடிக்கிறார்கள்.

வலியைப் பற்றி ஒரு கணக்கு. வேலை செய்த அன்றைக்குச் சதை வலித்து, மறுநாள் காலையில் சரியாகியிருந்தால் அளவு சரி. மறுநாள் காலையிலும் இருந்தால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

மகனிடம் என்ன சொல்வது

உங்கள் மகன் அம்மா விழுந்த செய்தியை சென்னையில் போனில் கேட்டவர். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் புத்தி தெளிவாக இருக்கிற, தன் சிகிச்சையைப் பற்றித் தானே முடிவெடுக்கிற பெரிய மனுஷி. எந்த அளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டு எப்படி வாழ்வது என்பது உங்கள் முடிவு, அதை ஒரு கேமரா எடுக்க முடியாது. சண்டை போட வேண்டாம். அவரை ஒரு சனி, ஞாயிறு வரச் சொல்லி, மேலே நான் எழுதின தரை வேலையை அவர் பொறுப்பில் விடுங்கள். தடுக்கிற இடத்தில் நிற்கிற பிள்ளைக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தால் பாதிப் பயம் போய்விடும். கேமரா இருக்கட்டும், ஆனால் ஒப்பந்தம் இது: நீங்கள் இறங்குகிற நேரம் அவருக்குத் தெரியும், போனைக் கழுத்தில் பையில் மாட்டியிருப்பீர்கள், முதல் மாதம் வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் இறங்குவீர்கள், அந்த நேரத்தில் அவர் போன் பண்ண மாட்டார். நடக்கும்போது போன் அடித்தால் அவசரமாகத் திரும்பித்தான் பலர் விழுகிறார்கள், இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

தம்பி, இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்து 10 அடி நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு இருக்கிறது என்று கொள்வது வழக்கம். இப்போது நிச்சயம் அதைவிட அதிகமாகத்தான் ஆகும், கவலைப்படாதீர்கள். மாதம் ஒரு முறை பார்த்து எழுதி வையுங்கள். அந்த எண் குறைகிறதா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

யாரும் உங்களிடம் சொல்லாதது

வழுக்கி விழுந்தேன், அதனால் முறிந்தது என்றே கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், எலும்பே பலம் குறைந்திருக்கிறது என்றுதான் பொருள். எலும்புத் தேய்மானம் என்று நம் ஊரில் மூட்டுவலியைச் சொல்வார்கள், இது அது இல்லை, எலும்பின் அடர்த்தி குறைவது. உங்கள் மருந்துச் சீட்டில் கால்சியம் மட்டும் இருக்கிறது. அடர்த்திக்கான மருந்து வாரம் ஒரு மாத்திரையாக, வருஷம் ஒரு ஊசியாக என்று பல வகையில் இருக்கிறது. சிறுநீரகம், கால்சியம், விட்டமின் டி மூன்றையும் பார்த்துவிட்டு, பல்லில் பிரச்சினை இருந்தால் அதையும் சரிசெய்துவிட்டு டாக்டர் தருவார். இதைக் கேட்காமல் விட்டால் இன்னொரு இடுப்பும் இதே ஆபத்தில் இருக்கிறது.

எண்ணெய் போட்டு உருவிவிட ஒருவர் வருகிறார் என்றீர்கள். காயம் ஆறின தோலில் மெல்லத் தடவுவதில் கெடுதல் இல்லை. காலை இழுப்பது, முறுக்குவது, முழங்காலை நெஞ்சுக்கு மடக்குவது கூடவே கூடாது. அவருக்கு ஒரு எக்ஸ்ரே காட்டி உள்ளே இருப்பது உலோகம் என்று சொல்லிவிடுங்கள்.

தோட்டத்தில் முள் குத்தினால் உடனே கழுவி மருந்து போடுங்கள், டிடி ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பாருங்கள். செயற்கை மூட்டு இருப்பவர்களுக்குக் காலில் புண், பல்லில் சீழ், சிறுநீரில் கிருமி எதுவாக இருந்தாலும் அது ரத்தம் வழியாக மூட்டில் போய் உட்காரலாம், சுகரும் இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், தொடை இடுக்கில் சட்டென்று கடும் வலி வந்து கால் குட்டையாகிப் பாதம் ஒரு பக்கம் திரும்பினால், காயத்தில் கசிவோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விழுந்துவிட்டால் யாரும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. படுத்தபடி இரண்டு காலையும் அசைத்துப் பாருங்கள், இடுப்பு வலித்தால் அப்படியே இருந்து 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பன்னிரண்டாவது வாரத்துக்கு உங்களுக்குச் செக்கப் இருக்கிறது. அப்போது மூன்றைக் கேளுங்கள்: ஆபரேஷன் முன்பக்கமா, பக்கவாட்டிலா, பின்பக்கமா? மடக்கக் கூடாது, முறுக்கக் கூடாது என்ற தடைகள் எதுவரை? எலும்பு அடர்த்திக்கு என்ன மருந்து? கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள். பிசியோதெரபிக்குப் பாளையங்கோட்டை வரை போய் வருவது கஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு வழி இருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு சாரைப் போகச் சொல்லி, பெயரைப் பதிந்துவிடுங்கள். அவர்கள் வரும் அன்று கட்டிலில் படுத்துக் காத்திருக்காமல் புறவாசலுக்கே கூட்டிப்போய், அந்தப் படியிலும் அந்தக் கல் பாதையிலும் நடக்கச் சொல்லித்தரும்படி கேளுங்கள்.